பேரம் படியாத சந்தைகள்

கத்தரிக்காய் ஒரு கூறு இருபது ரூபாய் என்றால் நம் ஊரில் யாரும் அப்படியே இருபதை எடுத்து நீட்டுவதில்லை. கூறை ஒரு பார்வை, ஒரு உதட்டுப் பிதுக்கல். பக்கத்துக் கூறிலிருந்து இரண்டு காயை எடுத்து இதன் தலையில் வைத்துவிட்டு, "மூணு கூறா எடுத்துக்கறேன், அம்பது போட்டுக்கோங்கக்கா" என்று ஒரு கணக்கு. அக்கா "கட்டாதும்மா" என்பார். அவர் கையோ அதற்குள் பையை விரித்திருக்கும். இரண்டு பேருக்கும் தெரிந்த விளையாட்டு இது.

பசிபிக்கின் மெலனீசியத் தீவு நாடுகளில் ஒன்றான வனுவாட்டுவின் தலைநகர் போர்ட் விலாவில் கடலோரமாக ஒரு பெரிய சந்தைக் கொட்டகை உண்டு. அங்கேயும் கூறு வியாபாரம்தான். நம் சேம்புக்கு உறவான தாரோக் கிழங்கைத் தண்டோடு சேர்த்துக் கட்டி வைத்திருப்பார்கள். பச்சைத் தென்னங்கீற்றில் முடைந்த கூடைகளில் சர்க்கரைவள்ளி இருக்கும். பறித்த செடியோடு கத்தையாக நிலக்கடலை. எல்லாவற்றின் மேலும் விலை எழுதிய அட்டைத்துண்டு. விற்கிறவர்கள் ஏறக்குறைய எல்லோருமே பெண்கள். பூப்போட்ட தொளதொள கவுனில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை எல்லோரும் 'மாமா' என்றுதான் அழைக்கிறார்கள். அங்கே அதற்கு அம்மா என்று பொருள். நமக்கு வாய் பழக இரண்டு நாள் ஆகும். அந்த மாமாக்களிடம் நம் விளையாட்டைத் தொடங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து ஆட்டத்துக்கு ஆள் வருவதில்லை. கோபம் இருக்காது, சண்டை இருக்காது. பேச்சு நின்றுபோகும், அவ்வளவுதான்.

'அங்கே பேரம் பேசாதீர்கள்' என்று பயணக் கையேடுகள் ஒரு வரியில் முடித்துக்கொள்கின்றன. ஏன் என்பதை அவை சொல்வதில்லை. அந்த ஏனைப் பிடித்துக்கொண்டு போனால்தான் முகமூடி, பை, சிப்பி மாலை என்று கடைகடையாகத் தொங்குவதில் நாம் எதை வாங்குகிறோம் என்பதும் தெளிவாகும்.

மெலனீசியா என்பது வெளியார் வைத்த பெயர். 1832-இல் ஒரு பிரெஞ்சுக் கடலோடி பசிபிக்கைக் கூறுபோட்டுப் பெயர் சூட்டியபோது இந்தப் பகுதிக்கு இது வந்தது. பப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள், வனுவாட்டு, ஃபிஜி, இன்றும் பிரான்சின் கீழ் இருக்கும் நியூ கலிடோனியா எல்லாம் இதில் அடக்கம். பப்புவா நியூ கினியில் மட்டும் எண்ணூறுக்கு மேற்பட்ட மொழிகள். ஆகவே 'மெலனீசிய வழக்கம்' என்று ஒன்றை யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்டுக்கொள்வது நல்லது, இந்தக் கட்டுரையையும் சேர்த்து.

பேரம் பேசத் தெரியாத வெள்ளந்தி மனிதர்கள் என்று இவர்களை நினைத்தால் அது முதல் தப்பு. நியூ கினிக்குக் கிழக்கே ட்ரோப்ரியாண்ட் என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்கும் சுற்றியுள்ள தீவுகளிலும் 'குலா' என்றொரு பரிமாற்றம் காலங்காலமாக நடந்துவருகிறது. செந்நிறச் சிப்பி மாலைகள் தீவுக்குத் தீவு கடிகாரச் சுற்றில் போகும். வெண்சிப்பிக் கைவளைகள் அதற்கு எதிர்ச்சுற்றில் வரும். யாரும் எதையும் நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. கொஞ்ச காலம் வைத்திருந்து பெயர் சம்பாதித்துவிட்டு அடுத்த தீவின் கூட்டாளிக்குக் கொடுத்துவிட வேண்டும். இதில் பேரம் அறவே கூடாது. கொடுத்ததற்கு ஈடாக என்ன திரும்பி வரும் என்று வாய்விட்டுக் கேட்பதே அநாகரிகம்.

ஆனால் அதே படகில் தேங்காய், பானை, மரக்கிண்ணம் என்று வேறு சரக்கும் போகும். அக்கரையில் இறங்கியதும் அதை விற்க 'கிம்வாலி' என்ற தனிக் கணக்கு உண்டு. கிம்வாலியில் தாராளமாகப் பேரம் பேசலாம். விட்டுக்கொடுக்காமல் இழுத்துப் பிடிக்கலாம். கவனிக்க வேண்டியது, குலாவில் ஒருவர் கொஞ்சம் கஞ்சத்தனம் காட்டினால் "இவன் குலாவைக் கிம்வாலி மாதிரி செய்கிறான்" என்பார்கள். அது அங்கே வசவு. பேரம் அவர்களுக்கு நன்றாகவே தெரியும். எந்த இடத்தில் அது ஒத்துவரும், எந்த இடத்தில் அது ஒரு ஆளைச் சிறுமைப்படுத்தும் என்று ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறார்கள்.

நகரச் சந்தையில் அந்தக் கோடு எங்கே விழுகிறது? அங்கே விற்கிறவர் பெரும்பாலும் வியாபாரி கிடையாது. தன் தோட்டத்தில் விளைந்ததைத் தானே சுமந்து வந்தவர். பசிபிக் சந்தைகளில் நூற்றுக்கு 75 முதல் 90 வரை பெண்களே என்று ஐ.நா. பெண்கள் அமைப்பு கணக்குச் சொல்கிறது. தொலைவிலிருந்து வருபவர்கள் லாரியிலோ படகிலோ வந்து, இரண்டு மூன்று இரவு சந்தையிலேயே துணி விரித்துப் படுத்து, சரக்கு தீர்ந்ததும் ஊர் திரும்புவார்கள். ஃபிஜியில் இவர்கள் தங்கவென்றே சில சந்தைகளோடு சேர்த்துத் தனி விடுதிகளும் கட்டியிருக்கிறார்கள். கொள்முதல் விலை, லாபம், அதில் எவ்வளவு விடலாம் என்ற கணக்கெல்லாம் இடைத்தரகருக்குத்தான் கைவரும். கிழங்கைத் தோண்டியவருக்கு அட்டையில் எழுதியதுதான் விலை. சாயங்காலம் ஆனாலும் பல இடங்களில் அது இறங்குவதில்லை. மிஞ்சினால் கூறு கொஞ்சம் பெரிதாகும், இல்லாவிட்டால் மிச்சம் வீட்டுக்கே போகும். கேட்காமல் நின்றால், தானாகவே ஒரு கை கூடுதலாக அள்ளிப் போடுகிறவர்களும் உண்டு. அது அவர் கொடுப்பது. நாம் பிடுங்கினால் அதற்குப் பெயர் வேறு.

கைவினைப் பொருள் என்று வரும்போது கோடு கொஞ்சம் நகர்கிறது. பப்புவா நியூ கினியில் சிற்பமோ பையோ வாங்கும்போது "செகன் ப்ரைஸ்?" என்று கேட்கலாம். இரண்டாம் விலை உண்டா என்று பொருள். சத்தம் போடாமல், அவசரப்படுத்தாமல் ஒரே ஒரு முறை கேட்க வேண்டும். உண்டு என்றால் ஒரு விலை சொல்வார். இல்லை என்றால் முதல் விலையே இரண்டாம் விலையும். அதற்கு மேல் இழுப்பது நயமில்லை. பார்த்துவிட்டு வாங்காமல் போக வேண்டுமானால் "லுக்லுக் தசோல்" என்று சொல்லிவிட்டு நகரலாம்: சும்மா பார்க்கிறேன். அந்நாட்டின் பொதுமொழியான டோக் பிசினில் இந்த இரண்டு தொடரும் கையில் இருந்தால் பாதிச் சங்கடம் தீரும்.

சரி, அப்படி விலை கேட்கிற பொருள் என்ன? முதலில் பிலும் என்ற பின்னல் பை.

பப்புவா நியூ கினியின் மலைநாட்டு ஊரான கோரோக்காவில் தெருவோரக் கம்பிவேலி நெடுக பைகள் தொங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் நம் ஊரில் கம்பளி நூலில் பின்னுகிற பை மாதிரிதான் இருக்கும். கிட்டப் போய் ஒரு கண்ணியை விரலால் விலக்கிப் பாருங்கள். முடிச்சு எங்கேயும் இருக்காது. நூல் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் நுழைந்து, எட்டுப் போல வளைந்து, அடுத்த கண்ணிக்குப் போகும். குரோஷே ஊசியில் கண்டிலிருந்து நூலைக் கொக்கியால் இழுத்துக்கொண்டே போகலாம். இதில் முடியாது, கையிலிருக்கும் நூலின் மொத்த நீளமும் ஒவ்வொரு கண்ணி வழியாகவும் நுழைந்து வெளியே வந்தாக வேண்டும். அதனால் நீள நூல் வைத்துக்கொள்ள முடியாது. ஒரு கை நீள நூல் தீர்ந்ததும், அடுத்த நாரை அதன் நுனியோடு வைத்துத் தொடைமேல் உருட்டிச் சேர்ப்பார்கள். சேர்ந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. கண்ணிகள் ஒரே அளவாக விழ, ஒரு தாழை ஓலைத் துண்டையோ பிளாஸ்டிக் துண்டையோ உள்ளே வைத்து அதன்மேல் பின்னிக்கொண்டு போவார்கள். ஊசி முன்பு வௌவால் எலும்பு. இப்போது உடைந்த குடைக்கம்பியைத் தீட்டிக்கொள்கிறார்கள்.

நார் வருவது 'துலிப்' என்று உள்ளூரில் சொல்லும் மரத்தின் பட்டையிலிருந்து. பூச்செடி துலிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கொழுந்து இலையைக் கீரையாகச் சமைக்கிற மரம் இது. பட்டையை உரித்து, காயவைத்து, நார் பிரித்து, தொடையில் உருட்டி நூலாக்குவதற்கே நாள் கணக்கில் போகும். அப்புறம்தான் பின்னல். நல்ல நார் பிலும் ஒன்று முடிய வாரங்கள் ஆகும், பெரிதானால் மாதங்கள். கடைநூலில் பின்னிய பளிச்சென்ற பிலும் அதைவிடச் சீக்கிரம் முடிவதால் விலையும் குறைவு. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கவிட்டு, ஒன்றுக்கு மட்டும் பலமடங்கு விலை சொன்னால் ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். விலை வித்தியாசம் முழுக்கத் தொடையில் உருட்டிய நேரம்தான்.

கடைநூல் பிலும் 'அசல்' இல்லை என்று சில பயணிகள் மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த நூலும் நிறமும் வந்த பிறகுதான் புதுப்புது வடிவங்கள் பெருகின. வடிவங்களுக்குப் பெயர் வைத்து ஊர் ஊராகப் பரப்பியவர்கள் இந்தப் பெண்களே. உள்ளூர்க்காரர்கள் தினமும் மாட்டிக்கொள்வதும் பெரும்பாலும் அதைத்தான். பிலுமின் பட்டையை நெற்றியில் மாட்டி முதுகில் தொங்கவிட்டால் அதில் சர்க்கரைவள்ளி வரும், விறகு வரும், தூங்குகிற குழந்தையும் வரும். டோக் பிசினில் கருப்பைக்கும் அதே பெயர்: பிலும்.

அடுத்தது இன்னும் வேடிக்கை. சந்தையில் அலங்காரப் பொருள் என்று நாம் கையில் எடுப்பது சில சமயம் பணமாகவே இருக்கும்.

பப்புவா நியூ கினியின் நாணயத்துக்குக் 'கினா' என்று பெயர். 1975-இல் ஆஸ்திரேலிய டாலருக்குப் பதிலாக அது வந்தபோது, மலைநாட்டில் செல்வமாக மாற்றிக்கொள்ளப்பட்டு வந்த பிறைவடிவ முத்துச்சிப்பியின் பெயரையே எடுத்து வைத்தார்கள். அதன் சில்லறையான 'தொயா'வும் சிப்பியின் பெயர்தான். நம் சோழி பல்லாங்குழிக்கும் தாயத்துக்கும் ஒதுங்கிப் பல காலமாயிற்று. அங்கே சிப்பி இன்னும் ஓய்வு பெறவில்லை. நியூ பிரிட்டன் தீவின் ரபௌல், கொகோபோ பகுதியில் வாழும் தோலாய் மக்கள், சிறு கடல்நத்தை ஓடுகளைப் பிரம்புச் சீவலில் கோத்துத் 'தாபு' என்ற பணமாக இன்றும் புழங்குகிறார்கள். இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு அளவு. நூற்றுக்கணக்கான அளவுகளைச் சுருட்டிப் பெரிய சக்கரம்போல் கட்டி வீட்டில் வைத்திருப்பார்கள். வைத்திருந்தவர் இறந்தால் சக்கரத்தை அவிழ்த்து, வந்தவர்களுக்கெல்லாம் துண்டு துண்டாகப் பங்கிடுவார்கள். ஒரு சாண் துண்டைக் கொண்டு சந்தையில் பாக்கும் வாங்கலாம்.

பாக்கு என்றதும் நமக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றுகிறது, இல்லையா? அங்கே அதற்குப் 'புவாய்' என்று பெயர். பச்சைப் பாக்கு, சுட்ட பவளத்திலோ சிப்பியிலோ எடுத்த சுண்ணாம்பு எல்லாம் நமக்குத் தெரிந்தவையே. வெற்றிலைக்குப் பதில் அதே இனக் கொடியின் நீளக் காயைக் கடித்துக்கொள்வது மட்டும் புதிது. 2013-இல் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில் விற்கத் தடை போட்டுப் பார்த்தார்கள். தெருவெல்லாம் சிவப்புத் துப்பல் என்பது ஒரு காரணம். தடை நிலைக்கவில்லை. சுரைக்குடுக்கையில் சுண்ணாம்பு வைத்து, கருங்காலிக் கரண்டியால் எடுத்து வாயில் போட்டுக்கொள்வது பழைய முறை. ட்ரோப்ரியாண்ட் தீவின் சுண்ணாம்புக் கரண்டிகள் செதுக்கு வேலைக்குப் பேர்போனவை. சாணுக்குச் சற்று மேல் நீளம், கைப்பிடியில் சுருள் சுருளாக வேலைப்பாடு. பெட்டியில் இடம் அடைக்காது. வெற்றிலைச் செல்லம் பார்த்து வளர்ந்தவர்கள் மெலனீசியாவில் ஒரே ஒரு பொருள் வாங்குவதென்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

சாலமன் தீவுகளின் தலைநகர் ஹொனியாராவின் மத்தியச் சந்தைக்கு வருவோம். மீனும் காய்கறியும் தாண்டிப் போனால் சிப்பிமணி விற்கிற பெண்கள் இருப்பார்கள். பெரும்பாலும் மலைத்தா தீவின் லங்கலங்காக் காயலைச் சேர்ந்தவர்கள். சிப்பியைக் கல்லால் உடைத்து, ஓரம் தட்டி வட்டமாக்கி, நடுவில் துளையிட்டு, நூலில் கோத்து, கோத்தபடியே கல்லில் தேய்த்து ஒரே கனத்துக்குக் கொண்டுவருவார்கள். சிவப்பு, வெள்ளை, கறுப்பு என ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு வகைச் சிப்பி. சிவப்புச் சிப்பிதான் மதிப்பு மிக்கது. அதைச் சூட்டில் வாட்டி நிறத்தை ஏற்றுவார்கள். பத்துச் சரம் சேர்த்துக் கட்டியதற்குத் 'தஃபுலியே' என்று பெயர். ஒரு மேசையில் பயணிக்கு இரண்டு விரல் நீளக் காதணி. அதே மேசையில், மகனுக்குப் பெண் கேட்கப் போகும் குடும்பம் பரிசப்பணமாகக் கொடுக்கத் தஃபுலியேயைத் தூக்கிப் பார்த்து எண்ணிக்கொண்டிருக்கும். ஒருவருக்கு நகை, இன்னொருவருக்குக் கரன்சி. அங்கே போய் "இந்த மணிமாலைக்குக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்பது, வங்கி கவுண்டரில் நூறு ரூபாய்த் தாளை எண்பதுக்குக் கேட்கிற கதை.

மரச்சிற்பங்களுக்கு வந்தால் கணக்கு வேறு பக்கம் திரும்பும். இங்கே பொருளைவிட அதன் வடிவம்தான் சொத்து.

வனுவாட்டுவின் அம்ப்ரிம் தீவில் ஆளைவிட உயரமான மர முரசுகள் செங்குத்தாக நட்டிருக்கும். ஒரே மரத்தைக் குடைந்து முன்னால் நீளப் பிளவு, உச்சியில் வட்டக் கண்களோடு முகம். வனுவாட்டு என்றாலே இந்தப் படம்தான் போடுகிறார்கள். அந்த முகத்தை யார் வேண்டுமானாலும் செதுக்கிவிட முடியாது. 'மாகே' என்ற படிநிலை வரிசையில் ஏறி, கொம்புப்பல் சுருண்ட பன்றிகளைக் கொடுத்து, அந்த வடிவத்துக்கான உரிமையை ஒருவர் வாங்கியிருக்க வேண்டும். உரிமை இல்லாதவர் சுற்றுலாக் கடைக்காகச் செதுக்கினால் ஊரில் வழக்கு வரும், அபராதமும் பன்றியாகவே விழும். காப்புரிமைச் சட்டம் என்று நாம் புத்தகத்தில் படிப்பது அங்கே காலங்காலமாக இருந்துவரும் நடைமுறை. 2019-இல் வனுவாட்டு மரபறிவையும் பண்பாட்டு வடிவங்களையும் காக்க நாட்டுச் சட்டமும் இயற்றியது. ஆகவே போர்ட் விலாவில் ஒரு முரசு பொம்மையை எடுத்துப் பார்க்கும்போது, எந்தத் தீவு, செதுக்கியவர் யார் என்று கேட்பது தவறில்லை. விவரமான கடைக்காரர் அந்தக் கேள்வியை விரும்புவார்; பதில் சொல்லத் தெரியாத கடையில் சரக்கு எங்கிருந்து வந்தது என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

பப்புவா நியூ கினியின் நியூ அயர்லாந்துத் தீவில் செய்யும் 'மலங்கன்' சிற்பங்கள் இதைவிட விசித்திரம். இறந்தவருக்கான சடங்குக்காக மாதக்கணக்கில் செதுக்கி, வண்ணம் தீட்டி, சில நாள் காட்சிக்கு வைத்துவிட்டுக் கைகழுவிவிடுவார்கள்: காட்டில் மக்கவிடுவது, எரிப்பது, அல்லது விற்பது. வடிவத்தின் உரிமை சடங்கிலேயே அடுத்தவருக்குக் கைமாறிவிடுவதால் மிஞ்சிய மரத்துக்கு அங்கே வேலையில்லை. ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் மலங்கன்கள் இத்தனை குவிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். சேகரிக்க வந்தவர்கள் பொக்கிஷம் கிடைத்தது என்று பூரித்தார்கள். விற்றவர்களுக்கோ தூக்கிப்போட வேண்டியதற்குக் காசு கிடைத்தது.

'பழசுதான் அசல்' என்ற எண்ணம் இங்கெல்லாம் சறுக்கிவிடும். சாலமனின் மரோவோக் காயல் பகுதிச் சிற்பிகள் செதுக்கும் 'ங்குசுங்குசு'வை எடுத்துக்கொள்ளுங்கள். முன்துருத்திய தாடையும் சிப்பி பதித்த கண்களும் கொண்ட கறுப்புத் தலை. ஒரு காலத்தில் போர்ப்படகின் முகப்பில், நீர்மட்டத்தை ஒட்டிக் கட்டப்பட்டது. கைகளில் வெட்டிய தலையைப் பிடித்திருந்தால் தலைவேட்டைக்குப் போகிறது, புறாவைப் பிடித்திருந்தால் சமாதானமாகப் போகிறது என்பார்கள். தலைவேட்டை நின்று நூறாண்டுக்கு மேலாகிறது. இப்போது செதுக்குவது முழுக்க விற்பனைக்குத்தான். அதனால் அது போலியாகிவிடாது. சிப்பியை நகக்கண் அளவுக்கு அறுத்து மரத்தில் பதிக்கிற அதே கை, அதே பயிற்சி. ஏமாற்று இருப்பது வேறு இடத்தில். வெளிர் மரத்தில் செய்து, பூட்ஸ் பாலிஷ் ஏற்றிக் கருங்காலி என்று விற்பார்கள். கையில் தூக்கிப் பாருங்கள். கருங்காலி அளவுக்கு மீறிக் கனக்கும். அடிப்பாகத்தை ஈரத்துணியால் தேய்த்தால் சாயம் தானே சொல்லிவிடும்.

ஃபிஜிக்கு வந்தால் சூழல் மாறுகிறது, காரணத்தில் நமக்கும் பங்கு உண்டு. 1879-இல் தொடங்கி 1916 வரை அறுபதாயிரம் பேருக்கு மேல் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகத் தமிழர்களும் தெலுங்கர்களும் மலையாளிகளும் போனார்கள். 1926-இல் அவர்கள் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றும் பள்ளிக்கூடங்கள் நடத்துகிறது. வீட்டுப் பேச்சு ஃபிஜி இந்தி மொழி ஆகிவிட்டாலும் நாக்கு மாறவில்லை. சுவா, லவுதோக்காச் சந்தைகளில் தாரோவுக்கும் மரவள்ளிக்கும் பக்கத்திலேயே முருங்கையும் வெண்டையும் கறிவேப்பிலையும் கூறு கட்டியிருக்கும்.

நாடி என்று எழுதி நந்தி என்று உச்சரிக்கிற ஊரின் கடைத்தெருவில் பேரம் நடக்கும். அங்கே பல கடைகள் இந்திய வம்சாவளியினருடையவை. முதல் விலையை அப்படியே கொடுத்துவிட்டால் கடைக்காரருக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். அதே ஊரின் கைவினைச் சந்தையில் உட்கார்ந்திருக்கும், ஃபிஜியின் பூர்வகுடிகளான இதவுக்கேப் பெண்களிடம் அந்த வேகத்தைக் காட்டக் கூடாது. தெருவின் அந்தக் கோடி வரை போனால் கோபுரத்தோடு சிவசுப்பிரமணியர் கோயில். எந்த இடத்தில் எந்தப் பழக்கம் என்பதை ஒரே தெருவில் நடந்தே தெரிந்துகொள்ளலாம்.

சுவாவில் ஒரு பழைய தந்திரம் உண்டு. சிரித்த முகத்தோடு ஒருவர் வந்து பெயர் கேட்பார், பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒரு மர வாளிலோ முகமூடியிலோ நம் பெயரைச் செதுக்கிவிடுவார், பிறகு காசு கேட்பார். பெயரைச் சொல்லாமல் 'பூலா' என்று வணக்கம் சொல்லி நடையைக் கட்டுவது ஒன்றுதான் வழி. வெளிநாட்டில் மொத்தமாகச் செய்து இறக்கும் முகமூடிகளும் லுங்கித் துணிகளும் அங்கே ஏராளம். அதற்காகத்தான் 2011-இல் அரசு 'ஃபிஜியில் செய்தது' என்ற முத்திரையைக் கொண்டுவந்தது. முத்திரை இல்லாவிட்டாலும் கண்ணால் கண்டுபிடிக்கலாம். யங்கோனா (கவா) என்ற வேர்ப்பானம் கரைக்கும் 'தனோவா' பாத்திரத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். நல்ல தனோவாவில் கால்கள் ஒட்டினவையாக இருக்காது. கிண்ணமும் கால்களும் ஒரே வெசி மரக்கட்டையிலிருந்து வந்திருக்கும். கம்பாரா தீவு அந்த வேலைக்குப் பெயர் வாங்கியது. 'மாசி' என்ற மரப்பட்டைத் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தட்டித் தட்டி விரிந்த நார் வலைபோலத் தெரியும். அச்சடித்த துணியில் அது வராது.

ஃபிஜியில் ஒரு கிராமத்துக்குப் போகிற எண்ணம் இருந்தால் சந்தையில் முதலில் வாங்க வேண்டியது நமக்கான பொருளே அல்ல. காய்ந்த யங்கோனா வேர்க்கட்டு, அரைக்கிலோ. அடித்தண்டைவிட வேருக்கு விலை கூட, வீரியமும் கூட. செய்தித்தாளில் சுற்றி ரிப்பன் கட்டிக் கொடுப்பார்கள். அதைக் கொண்டுபோய் ஊர்த்தலைவர் முன்னால் வைப்பதற்குச் 'செவுசெவு' என்று பெயர். அது இல்லாமல் ஊருக்குள் சுற்றுவது, திருமண வீட்டில் அழைப்பில்லாமல் பந்தியில் உட்காருவது மாதிரி.

வாங்கியதைக் கொண்டுவருவது தனிப்பாடு. இந்தத் தீவுகளிலிருந்து திரும்பும் பலர் ஆஸ்திரேலியா அல்லது நியூசிலாந்து வழியாகத்தான் வருகிறார்கள். அந்த இரண்டு நாடுகளின் உயிரிப் பாதுகாப்புச் சோதனை கறாரானது. மரம், நார், விதை, இறகு, ஓலை எதுவானாலும் படிவத்தில் எழுதிவிட வேண்டும். எழுதினால் பார்த்துவிட்டுத் தந்துவிடுவார்கள், அல்லது காசு வாங்கிக்கொண்டு பூச்சி மருந்துப் புகை போடுவார்கள். எழுதாமல் மாட்டினால் அபராதம். மரத்தில் பட்டை ஒட்டியிருந்தாலோ சின்னத் துளையிலிருந்து பொடி உதிர்ந்தாலோ வாங்காமல் விடுவதே மேல்.

சிலவற்றைச் சோதனைக்கே கொண்டுபோகக் கூடாது. ஆமையோட்டு நகை, ஃபிஜியில் 'தம்புவா' எனும் திமிங்கலப் பல், கருப்புப் பவளம், ராட்சத மட்டி, நாட்டிலஸ் சிப்பி எல்லாம் அழியும் உயிரின வணிகத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் வருபவை. இந்தியாவும் இலங்கையும் அதில் சேர்ந்த நாடுகள்தான். அம்ப்ரிம் பகுதியின் மரப்பெரணிச் சிற்பத்தைச் செடிதானே என்று நினைக்கக் கூடாது. அந்தப் பெரணியும் பட்டியலில் இருக்கிறது, அனுமதிச் சீட்டு வேண்டும். பப்புவா நியூ கினியில் பழங்காலப் பொருள் என்று யாராவது ஆசைகாட்டினால், தேசிய அருங்காட்சியகத்தின் அனுமதி இல்லாமல் அது நாட்டை விட்டு வெளியேற முடியாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். சொர்க்கப் பறவையின் இறகும் உரிய அனுமதி இல்லாமல் வெளியே போக முடியாது.

சில்லறைச் சங்கதிகள்: சின்ன நோட்டாக ரொக்கம் வேண்டும், பெரிய நோட்டை நீட்டினால் மாமா பக்கத்துக் கடைகளில் அலைய நேரும். போர்ட் விலாச் சந்தை வாரநாட்களில் இரவும் திறந்திருக்கும், சனிக்கிழமை மதியத்தோடு மூடிவிடும், ஞாயிறு கிடையாது. படம் எடுக்குமுன் கேட்க வேண்டும். 2018-இல் வனுவாட்டு பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை போட்டதிலிருந்து உள்ளூர்க்காரர்களே தாழை ஓலைக் கூடையோடு சந்தைக்கு வருகிறார்கள். அந்தக் கூடையை முதல் நாளே ஒன்று வாங்கிவிட்டால் மிச்ச நாளுக்குக் கைக்கு உதவும்.

திரும்பும்போது பிரிஸ்பேன் விமான நிலையத்தில் சோதனை அதிகாரி பெட்டியைத் திறந்து சிற்பத்தைத் தட்டுவார், கூடையை உதறுவார், விதைமணி மாலை இருந்தால் எடுத்து ஓரமாக வைப்பார். தோளில் தொங்குவதைப் பார்த்து அது என்ன என்று கேட்பார். பிலும், மரப்பட்டை நார் என்று சொன்னால் வாங்கி வெளிச்சத்தில் விரித்து, கண்ணிகளுக்குள் மண்ணோ இலைத்துணுக்கோ ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். சுத்தமாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். மறுபடி தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த விமானத்துக்கு நடக்கலாம்.